ஒன்பது மணி நேரமும் பேசியது யார்?

1955 டிசம்பர் 14. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கன். நகரத்து மரங்களைக் கவனிக்கும் வன அலுவலராக வேலை பார்த்த டேரல் பார்க்கர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி நான்சி பிணமாகக் கிடந்தார். பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கி, கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். பார்க்கருக்கு அப்போது 24 வயது.

சில நாள் கழித்து, விசாரணைக்கு உதவியாக இருக்கும், வந்துவிட்டுப் போங்கள் என்று போலீஸிடமிருந்து அழைப்பு. "சும்மா ஒரு என்கொயரிதான்" என்று நம்மூரில் கூப்பிடுவார்களே, அந்தத் தொனி. பார்க்கரும் போனார். அங்கே காத்திருந்தவர் ஜான் ரீட். சிகாகோ போலீஸில் இருந்தவர். பாலிகிராஃப் என்ற உண்மை கண்டறியும் கருவியில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியவர். இந்த வழக்குக்காகவே அவரை வரவழைத்திருந்தார்கள்.

கருவியை மாட்டினார். கேள்விகள் தொடங்கின. ஊசி எப்படி அசைகிறது என்பது பார்க்கருக்குத் தெரியாது. கொலையைப் பற்றி அவர் என்ன பதில் சொன்னாலும், "பொய் சொல்கிறாய்" என்று ரீட் சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம் போகப் போக ரீட் ஒரு கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்: உங்கள் இல்லறம் வெளியில் தெரிந்ததுபோல் இனிமையாக இல்லை, நான்சி உன்னை நெருங்க விடவில்லை, மற்ற ஆண்களிடம் சிரித்துப் பேசினாள், ஒரு நாள் உனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் பார்க்கர் உடைந்தார், ஒப்புக்கொண்டார், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே, நான் செய்யவில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். கையெழுத்து மட்டும் நின்றது. ஜூரி குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை.

இந்த வழக்கு ரீட்டை எங்கோ கொண்டுபோய் வைத்தது. 1962-இல் அவரும் பேராசிரியர் ஃபிரெட் இன்பாவும் சேர்ந்து எழுதிய விசாரணைக் கையேடு அமெரிக்கப் போலீஸுக்குப் பாடப்புத்தகம்போல் ஆனது. 1966-இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போலீஸ் அறைக்குள் மனிதர்களின் மன உறுதியை எப்படி உடைக்கிறார்கள் என்று காட்ட அந்தக் கையேட்டிலிருந்தே எடுத்துக்காட்டியது. கையேட்டின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

உண்மையில் நடந்தது

வெஸ்லி பீரி என்பவன் வேறொரு கொலைக்காக நெப்ராஸ்காவில் மரண தண்டனைக் கைதியாக இருந்தான். நான்சியைக் கொன்றது தானே என்று தன் வழக்குரைஞர்களிடம் அவன் சொல்லியிருந்தான். கட்சிக்காரர் சொன்னதை வழக்குரைஞர் வெளியே சொல்ல முடியாது. 1988-இல் பீரி சிறையிலேயே இறந்த பிறகுதான் அந்த ஒப்புதல் வெளியே வந்தது.

இதற்கு முன்பே, 1969-இல், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பார்க்கரின் வாக்குமூலம் அவராக மனமுவந்து கொடுத்ததில்லை என்று சொல்லியிருந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கி, அதை மாநில நீதிமன்றமே முதலில் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. 1970-இல் பார்க்கர் பரோலில் வெளியே வந்தார். முழு மன்னிப்பு 1991-இல்.

முழியைப் படித்தவர்கள்

ரீட்டின் முறைக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் ஒரு நேர்காணல் நடத்தி, எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று முடிவு கட்டுவது. நாற்காலியில் நெளிகிறாரா, கண்ணைத் தவிர்க்கிறாரா, உடுப்பில் இல்லாத தூசியைத் தட்டுகிறாரா, பதில் சொல்லத் தாமதிக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். பொய்தான் என்று முடிவாகிவிட்டால் இரண்டாம் பாதி: இனி அவரைப் பேச விடாமல், மறுப்பை வாயிலேயே தடுத்து, ஒப்புதலை நோக்கித் தள்ளுவது.

இதைப் படிக்கும் தமிழருக்கு அமெரிக்காவரை போகவே வேண்டாம். "திருட்டு முழி" என்று நமக்கு ஒரு சொல்லே இருக்கிறது. "அவன் முழியே சரியில்ல", "எச்சில் முழுங்குறான் பாரு", "தலையைச் சொறியறான்". அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று பழமொழி வேறு. கூட்டிக்கழித்துப் பார்த்தால் ரீட்டின் பட்டியலும் நம் பாட்டியின் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பட்டியல் சோதனையில் தேறவில்லை. 2006-இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள், மனிதர்கள் பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். 24,000-க்கும் மேற்பட்டோர் சொன்ன தீர்ப்புகள். சராசரியாகச் சரியாக வந்தது 54 விழுக்காடு. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தால் 50. நான்கு விழுக்காட்டு வித்தியாசத்தை நம்பி ஒருவரை ஆயுளுக்கும் உள்ளே தள்ளலாமா என்பது வேறு பேச்சு.

பயிற்சி கொடுத்தால் திறமை கூடுமே என்று தோன்றும். 1999-இல் சால் காசின், கிறிஸ்டினா ஃபாங் இருவரும் அதைத்தான் சோதித்தார்கள். சில மாணவர்களை நடிப்புக் குற்றங்கள் செய்யவைத்து, செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரேபோல் மறுக்கும் காட்சிகளைப் படம்பிடித்தார்கள். ரீட் பட்டியலைப் பயின்றவர்களும் பயிலாதவர்களும் அவற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பயின்றவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசம். அதோடு, தாங்கள் சொன்னது சரி என்ற நம்பிக்கை அவர்களுக்குத்தான் அதிகம். காரணங்களையும் அவர்களே கூடுதலாக அடுக்கினார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் அச்சமூட்டுவது இந்தக் கடைசிச் செய்திதான். தெரியாதவன் தயங்குவான். பட்டியல் கையில் உள்ளவன் தயங்குவதில்லை.

நெளிவதும் நா வறள்வதும் பொய்க்கு மட்டுமே உரியவை இல்லை என்பது நம் ஊரில் இன்னும் தெளிவாகத் தெரியும். பெரியவர் முன்னால் நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசினால், "என்னடா முறைக்கிறே?" என்பார்கள். தரையைப் பார்த்தால், "ஏன் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறே, மறைக்கிறியா?" என்பார்கள். அதிகாரியின் எதிரில் நிற்கும் கடைநிலை ஊழியர் எந்தப் பக்கம்தான் பார்ப்பார்? மனைவியைப் பறிகொடுத்துச் சில நாளே ஆன 24 வயதுப் பையனின் மூச்சும் நாடித் துடிப்பும் எப்படி இருந்தால் ரீட்டுக்குச் சரி என்று பட்டிருக்கும்?

கேள்வி செய்த வேலை

முழியை விட்டுவிட்டுக் கேள்விக்கு வருவோம். என் பார்வையில் லிங்கனில் தவறு நடந்த இடம் அதுதான். பொய்யைத் தப்பாகக் கணித்தது அதற்கு முந்தைய படி மட்டுமே.

அந்த அறையில் வெளிவந்த கதையைத் திரும்பப் பாருங்கள். இல்லறச் சலிப்பு, நான்சியின் சிரிப்பு, திடீர்க் கோபம் எல்லாமே ரீட்டின் வாயிலிருந்து வந்தவை. பார்க்கர் செய்தது கடைசியில் தலையாட்டியது. ரீட் முறையில் மாற்றுக் கேள்வி என்று ஒன்று உண்டு: "இதைத் திட்டம் போட்டுச் செய்தாயா, அந்த நேரத்து ஆத்திரத்தில் நடந்துவிட்டதா?" எதைத் தேர்ந்தாலும் செய்தது நீதான். நம் கடைக்காரர் "காபியா டீயா?" என்று கேட்கும்போது, ஒன்றும் வேண்டாம் என்ற பதிலுக்கு அந்தக் கேள்வியில் இடம் இல்லாததுபோல. இன்னொன்று தூண்டில் கேள்வி: "அங்கே உன் கைரேகை கிடைத்தால் என்ன சொல்வாய்?" கைரேகை கிடைத்திருக்கவே வேண்டாம். இதற்கு நம்மிடம் அச்சு அசலான பெயர் இருக்கிறது: போட்டு வாங்குவது.

போட்டு வாங்குவதை நாம் கெட்டிக்காரத்தனமாக எண்ணுகிறோம். அதில் ஒரு சிக்கல். நாம் போட்டதுதான் திரும்பி வருகிறதா, அவரிடம் ஏற்கெனவே இருந்தது வருகிறதா என்று பிறகு பிரிக்க முடியாது. பார்க்கர் வாக்குமூலத்தில் சொன்னது கொலையாளி அறிந்ததா, ஒன்பது மணி நேரம் காதில் விழுந்ததா? கேட்டவருக்கே அது தெரிய வழியில்லை.

தமிழில் கேள்வி எழுப்பும் விதத்திலேயே இந்த வலை பின்னப்பட்டிருக்கிறது. "எடுத்தியா?" என்றால் ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்று. "எடுத்தேதானே?" என்றால் ஆமாம் என்ற ஒன்றுதான். "நேத்து ராத்திரி அங்கதானே இருந்தே, இல்ல?" என்றால் மறுக்கவே தனித் துணிச்சல் வேண்டும். அந்த 'தானே' ஒரு சின்ன ஒட்டுச் சொல், ஆனால் பதிலை அது முன்கூட்டியே எழுதிவிடுகிறது. 'ஏன்' என்று தொடங்கினால் திறந்த கேள்வி ஆகிவிடும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள். "ஏன் லேட்டு?" என்பதை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது கேள்வியா, அடியா? இந்தப் பக்கத்திலிருந்து வரும் "ஆமா சார்", "சரிங்க சார்" எல்லாம் ஒப்புதலும் ஆகா. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, நான் மரியாதையாக நிற்கிறேன் என்பதே பல நேரம் அதன் பொருள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் உள்விசாரணை நடத்தும் பொறுப்பு எனக்கு. ஸ்டோரில் செம்புக் கம்பிச் சுருள்கள் குறைந்திருந்தன. பாதுகாவலர் ஸ்டோர் பையனைக் காட்டி, "முழியே சரியில்ல சார்" என்றார். பையனும் வேர்த்துப்போய்த்தான் நின்றான்.

"சாவி உங்கிட்டதானே இருக்கும்?"

"ஆமா சார்."

"நீ இல்லாம யாரும் உள்ள போக முடியாதுதானே?"

"முடியாது சார்."

நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டு பக்கம், சுத்தமான கையெழுத்து. பிறகு தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்து, "சாவி விஷயம் என்னப்பா, காலைல நீ வர்றதுலேர்ந்து சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். பையன் முழுசாகப் பத்து நிமிடம் பேசினான். சாயங்காலம் ஷிப்ட் ஆபீஸ் சுவரில் உள்ள ஆணியில் சாவியை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவானாம். ராத்திரி ஷிப்டில் யார் கேட்டாலும் எடுத்துக்கொள்வார்களாம். "இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க அதக் கேக்கலையே சார்" என்றான்.

நூறு வருடத்துக்கு முன் சென்னையில்

லிங்கன் வழக்குக்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1855-இல், சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் ஒப்புதல் வாங்கவும் கீழ்நிலை அதிகாரிகள் மக்களை என்ன செய்தார்கள் என்று அதில் விரிவாக இருக்கிறது. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடம்பை வளைத்துத் துணியால் கட்டிவைக்கும் அண்ணாந்தாள் என்ற நம் சொற்களே ஆங்கில எழுத்தில் அந்த அறிக்கையில் ஏறியிருக்கின்றன. இன்றும் செய்தித்தாளில் "கிடுக்கிப்பிடி விசாரணை" என்று எழுதும்போது கூச்சமே இல்லாமல் பெருமையாகத்தான் எழுதுகிறோம்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டக் கூடாது என்ற விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. பிறகு 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் அது 23-ஆம் பிரிவு. இதில் ஒரு விலக்கு உண்டு. காவலில் உள்ளவர் கொடுத்த தகவலால் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதியை மட்டும் ஏற்கலாம். "அவர் கொடுத்த தகவலின் பேரில் கிணற்றிலிருந்து அரிவாள் மீட்கப்பட்டது" என்று நாம் அடிக்கடி படிக்கும் வரி இந்த விலக்கிலிருந்து வருவது. நடைமுறையில் இதையும் வளைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அதன் உள்ளே இருக்கும் யோசனை மட்டும் நல்ல யோசனை: சொன்னவரின் முகத்தைப் பார்க்காதே, சொன்னது வெளியே எதனுடன் பொருந்துகிறது என்று பார். 2010-இல் செல்வி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் பாலிகிராஃப், நார்கோ போன்ற சோதனைகளை நடத்தக் கூடாது என்றது.

ரீட் கிட்டி போட்டதாக யாரும் சொல்லவில்லை. பேச்சு மட்டுமே போதுமாக இருந்தது.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

இங்கிலாந்தும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1974-இல் கில்ட்ஃபோர்டிலும் பர்மிங்ஹாமிலும் மதுக்கடைகளில் குண்டு வெடித்தது. ஒப்புதல் வாக்குமூலங்களை நம்பி நால்வரையும் அறுவரையும் சிறைக்கு அனுப்பினார்கள். நால்வர் 1989-இலும் அறுவர் 1991-இலும் விடுதலையானார்கள். இடையில் 1984-இல் வந்த சட்டம், விசாரணையை ஒலிப்பதிவு செய்ய வழி வகுத்தது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த ஜான் பால்ட்வின், போலீஸாரின் கேள்வி கேட்கும் திறமை எவ்வளவு மட்டம் என்பதை 1992-இல் எழுதினார். கேட்பவர் முன்முடிவோடு உள்ளே போகிறார், தன் கதைக்கு ஆமாம் சொல்ல ஆள் தேடுகிறார் என்பதுதான் சாரம்.

அதன் பிறகு அங்கே பீஸ் (PEACE) என்ற விசாரணை முறை வந்தது. முன்தயாரிப்பு, அறிமுகமும் விளக்கமும், அவருடைய விவரிப்பு, முடித்துவைத்தல், மதிப்பீடு என்று ஐந்து கட்டம். இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஒப்புதல் வாங்குவது நோக்கம் என்ற பேச்சே கிடையாது. விவரம் சேர்ப்பதுதான் வேலை. ஐந்தில் நடுவில் உள்ள விவரிப்புதான் உயிர். "அன்று காலை கண் விழித்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துவிட்டு, குறுக்கே பேசாமல் இருப்பது.

இந்தக் குறுக்கே பேசாமல் இருப்பது கேட்க எளிது. 1987-இல் ரொனால்ட் ஃபிஷர் குழுவினர் ஃபுளோரிடா துப்பறிவாளர்கள் சாட்சிகளை விசாரித்த ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, சராசரியாக ஏழரை விநாடியில் சாட்சியை இடைமறித்திருந்தார்கள். ஏழரை விநாடியில் ஒருவர் தொண்டையைச் செருமி முடித்திருப்பார்.

திறந்த கேள்வி பொய்யைத் தானாகக் காட்டிக்கொடுத்துவிடாது. தேர்ந்த பொய்யர் நாள் முழுவதையும் உண்மையாகச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்தை மட்டும் மாற்றி வைப்பார். நீளமாகப் பேசவைத்தாலே பிடிபட்டுவிடுவார் என்று நம்புவது திருட்டு முழியை நம்புவதற்குத் தம்பி. அந்தக் கேள்வியால் கிடைப்பது வேறு: சரிபார்க்கத் தக்க விவரம். எந்தப் பேருந்து, யார் எதிரே வந்தார், எந்தக் கடை திறந்திருந்தது. இப்படிக் கிடைத்தவற்றை நம் கையில் உள்ள சான்றோடு வைத்துப் பார்க்கலாம். அதற்கு முக்கியமான நிபந்தனை, கையில் உள்ளதை முதலிலேயே காட்டிவிடக் கூடாது.

ஸ்வீடனில் மரியா ஹார்ட்விக் குழுவினர் 2006-இல் இதைக் காவல் பயிற்சி மாணவர்களிடம் சோதித்தார்கள். நடிப்புத் திருட்டுதான், பணப்பை ஒன்று. ஒரு பிரிவினர் தங்களுக்குத் தெரிந்த வழியில் விசாரித்தார்கள். உண்மையையும் பொய்யையும் 56 விழுக்காடு சரியாகப் பிரித்தார்கள். பழைய பூவா தலையாதான். மற்றப் பிரிவினருக்கு ஒரு ஒழுங்கு சொல்லித் தரப்பட்டது: சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள், முதலில் அவரை முழுக்கப் பேச விடு, பிறகு சான்று தொடும் இடங்களைப் பற்றிக் குறிப்பாகக் கேள், கடைசியில்தான் காட்டு. அவர்கள் கணிப்பு 85 விழுக்காடு சரி. இவர்கள் முகம் பார்ப்பதில் கெட்டிக்காரர் ஆகிவிடவில்லை. குற்றம் செய்தவர் தான் அந்தப் பக்கம் போனதையே மறைப்பார், செய்யாதவர், "ஆமா, அந்தப் பையைத் தொட்டேன், அதுக்கென்ன?" என்று தானாகவே சொல்லிவிடுவார். "உன் கைரேகை கிடைத்திருக்கிறது" என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இருவரும் ஒரே பதிலைத்தான் தந்திருப்பார்கள்.

ரீட்டின் நிறுவனம் தன் தரப்பைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது: தவறான ஒப்புதல்கள் எங்கள் விதிகளை மீறுவதால் வருபவை, முறையின் பிழை அல்ல. வழி வழியாக அந்த முறையைக் கற்பித்துவந்த இன்னொரு பெரிய பயிற்சி நிறுவனம் 2017-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2021-இல் இல்லினாய் மாநிலம், சிறார்களை விசாரிக்கும்போது போலீஸ் பொய் சொல்லி ஏமாற்றுவதைத் தடைசெய்தது. ரீட் தொழில் தொடங்கிய சிகாகோ அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. வயது வந்தவர்களிடம் போலீஸ் பொய் சொல்லலாம் என்று 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த இடம் அப்படியே இருக்கிறது.

2012-இல் நெப்ராஸ்கா அட்டர்னி ஜெனரல் ஜான் புரூனிங், பார்க்கரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு 5 லட்சம் டாலர். மனைவி இறந்து 56 வருடம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய பையன் எண்பதைத் தொட்டிருந்தார். ரீட் 1982-இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் இன்னும் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது.